கொடிக்குப் போன கம்பி

நான் பட்டறைப் பக்கம் வந்தாலே உங்களில் இரண்டு மூன்று பேர் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். "மேஸ்திரி, கம்பி இருக்கா?" என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய இரும்புக் கம்பி, மூன்றாய் மடித்து வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அது இல்லாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை. கல்யாணத்துக்குப் பட்டுச் சட்டை போட்டாலும் அது பையில் இருக்கும். என் வீட்டுக்காரி துவைக்கும்போது எடுத்து வைத்துவிட்டு, காய்ந்ததும் தானே திரும்பப் போட்டுவிடுவாள். அவளுக்குக் கதை தெரியும். உங்களுக்குத் தெரியாது. ஆண்டு விழாவில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன், சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வருகிற வண்டிகள் தங்கள் நோயைத் தாங்களே திரையில் சொல்லிவிடுகின்றன. நல்லதுதான். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. கியர் கம்பைப் பிடித்து ஆட்டிப் பார்ப்போம், காது கொடுப்போம், முகர்ந்தும் பார்ப்போம். ஆனால் ஒன்று சொல்கிறேன். யார் செய்த தப்பு என்று அன்றைக்கும் எந்த வண்டியும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதில்லை. அதை நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நாலு வயது, சொந்த ஊர் தரங்கம்பாடி. குத்தாலத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை. கியர் பாக்ஸ் என்றால் தரங்கம்பாடிப் பையனைக் கூப்பிடு என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அந்த நாலு பேர் சொன்னதை நாற்பது பேர் சொன்னதாக எண்ணிக்கொண்டு நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். இன்னொரு கிறுக்கும் எனக்கு இருந்தது. கட்சிக் கூட்டம் என்றால் போதும். ஆட்சி எங்கள் கட்சியினுடையது, மேடைப் பேச்சைக் கேட்டால் இரண்டு நாளைக்குப் பசிக்காது. பட்டறையில் ஸ்பேனரைச் சுழற்றிக்கொண்டே தலைவர்கள் மாதிரி அடுக்குமொழியில் பேசிக் காட்டுவேன்.

அந்த வருஷம் தை மாதம் தஞ்சாவூரில் ஒரு மாநாடு. எங்கள் முதலாளிக்குத் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் தன் வண்டியை ஆள் ஏற்றிப்போகக் கொடுத்திருந்தார். அந்த வண்டியின் கியர் பாக்ஸ் என் கையில் இருந்தது. காலையில் எல்லாவற்றையும் கோத்து முடித்துவிட்டேன். வீட்டில் படிக்கிறவர்களுக்காக ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். கியர் பாக்ஸின் மேல்மூடிக்கு அடியில் ராடுகள் இருக்கும். ஒவ்வொரு ராடிலும் இரண்டு விரல் விரித்த மாதிரி ஒரு கவை. டிரைவர் கம்பைத் தள்ளினால் ராடு நகரும், ராடோடு கவையும் நகரும், கவை பல்சக்கரத்தைத் தள்ளிப் பொருத்தும். கவையை ராடோடு பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு போல்ட். அது ஓட்டத்தில் கழன்றுவிடாமல் இருக்க, அதன் தலையில் இருக்கும் துளையில் கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டுவோம். அவ்வளவுதான் சமாச்சாரம்.

மூன்றாவது, நாலாவது கியருக்கான கவைக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. முதல், இரண்டாவது கியர் கவைக்குக் கம்பியை வெட்டிக் கையில் வைத்திருந்தேன். அப்போது வாசலில் ஒரே கூச்சல். லாரிக்குக் கொடி கட்ட வேண்டும், கயிறு நிற்கவில்லை, கம்பி இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று நானே இறங்கிப் போனேன். பம்பரில் கொடிக்கம்பை நிறுத்தி, கையில் இருந்த கம்பியால் நானே கட்டினேன். ஏழு முறுக்கு. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை. திரும்பி வந்து மூடியைப் போட்டு இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறி, கோஷம் போட்டுக்கொண்டே தஞ்சாவூர் போனேன். இன்னொரு கம்பி வெட்ட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மாநாட்டுக்கு நேரமாகிவிட்டது என்ற ஒரே நினைப்புதான்.

போகவும் வரவும் வண்டி பூப்போல ஓடியது. அதுதான் இந்தத் தப்பின் குணம். உடனே காட்டிக்கொடுக்காது.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஒருவர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றார். குத்தாலத்துக்கும் குடவாசலுக்கும் நடுவில் ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். லாரி களத்தில் மாட்டிக்கொண்டது, கியர் விழவில்லை, சவரிமுத்து உடனே வரச் சொன்னார் என்றார். சவரிமுத்து அந்த லாரியின் டிரைவர். எனக்குப் பத்து வயது மூத்தவர், நிதானமான மனிதர், மாதா படத்துக்குப் பூ வைக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். அவர் உடனே வா என்று சொன்னால் விஷயம் பெரிது. சாமான் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒன்பது மைல் மிதித்தேன்.

போய்ச் சேர்ந்ததும்தான் அங்கே நடப்பது கியர் சமாச்சாரம் மட்டும் இல்லை என்று புரிந்தது.

அந்த ஊர் நிலம் முழுக்க ஒரு மிராசுதாருடையது. அவர் கும்பகோணத்தில் இருந்தார். இங்கே பார்த்துக்கொண்டவர் அவருடைய காரியக்காரர். ஐம்பது வயது, விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி, இடது தோளில் வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு. சாகுபடி செய்தவர்கள் பதினாலு குடும்பம். நெல்லில் யாருக்கு எத்தனை பங்கு என்று இரண்டு மாதமாகச் சண்டை. சட்டம் சாகுபடிக்காரன் பக்கம் வந்துவிட்டது என்று கோட்டையில் சொன்னார்கள். களத்துமேட்டுக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. அறுத்துப் போட்ட நெல்லை யாரும் தொடக்கூடாது என்று இரண்டு பக்கமும் காவல் இருந்தார்கள். கடைசியில் தாசில்தார் உட்கார்ந்து பேசி ஒரு ராஜி எழுதினார். மிராசுதாரின் பங்கு மூட்டைகள் இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் களத்தை விட்டுப் போய்விட வேண்டும். அந்த வண்டி கரையேறியதும் மீதி நெல் சாகுபடிக்காரர்களுடையது, அள்ளிக்கொண்டு போகலாம். வண்டி கிளம்பாவிட்டால் ராஜி செல்லாது. களம் மொத்தமும் ஜப்தி. அப்புறம் கோர்ட்டு, வாய்தா என்று நெல் முளைத்துப்போகும். இதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட ஓர் ஆர்.ஐ., அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டர், வந்து காகிதக் கட்டோடு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

லாரி முதல் நாள் சாயங்காலமே காலியாக வந்து களத்தில் நின்றிருக்கிறது. காலையில் மூட்டைகளை ஏற்றி, சவரிமுத்து ஸ்டார்ட் செய்து கியர் போட்டால், முதல் கியர் இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றும் நாலும் விழுகின்றன, ரிவர்ஸ் விழுகிறது. களம் பள்ளத்தில். வாய்க்கால் கரைக்கு ஏறிப் போகிற பாதை செங்குத்து, ஏறியதும் ஒரு வளைவு. பாரத்தோடு மூன்றாவது கியரில் அதை ஏற முடியாது.

நான் போகும்போது இரண்டு கூட்டமும் லாரியின் இரண்டு பக்கம் பிரிந்து நின்றது. காரியக்காரர் சொன்னது இது: டிரைவர் வேண்டுமென்றே கெடுத்துவிட்டான். காரணமும் வைத்திருந்தார். சவரிமுத்துவின் தங்கையை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தது, மாப்பிள்ளை அந்தப் பதினாலு குடும்பத்தில் ஒருவர். மிராசுதாரின் நெல் வெளியே போகக்கூடாது என்று மச்சான்கள் சேர்ந்து செய்த வேலை என்றார். அந்தப் பக்கம் பேசியவர் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். ஒல்லியான தேகம், கணீர்க் குரல். புருஷன் போன பிறகு தன் பங்கு நிலத்தைத் தானே சாகுபடி செய்து, மற்ற பதின்மூன்று குடும்பத்துக்கும் வாயாகவும் இருந்தவர். ராத்திரி காரியக்காரரின் காவல்காரன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான், அவன்தான் எதையோ கழற்றிவிட்டான், ராஜியை உடைத்து மொத்த நெல்லையும் ஜப்தி செய்யத்தான் இந்த நாடகம் என்றார். இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருந்தன.

மாட்டு வண்டியில் ஏற்றலாமே என்று ஆர்.ஐ. கேட்டார். தை அறுப்பு நேரம், சுற்று வட்டாரத்தில் ஒரு வண்டி சும்மா இல்லை. வேறு லாரிக்கும் அதே கதை. ரிவர்ஸ்தான் விழுகிறதே, பின்னாலேயே கரையேறி அப்படியே கும்பகோணம் போனால் என்ன என்று காரியக்காரர் கேட்டார். அதற்கு அஞ்சலை, ஐயா பின்னாலேயே நடந்து முன்னால் வழி காட்டுவாரா என்று கேட்க, சிரிக்கக் கூடாத நேரத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். கரைமேல் இருந்த வளைவில் பாரத்தோடு பின்னாலேயே திரும்பினால் வண்டி வாய்க்காலுக்குள்தான் போகும்.

நான் கேபினில் ஏறிக் கியர் கம்பைப் பிடித்தேன். முதல் கியருக்குத் தள்ளினேன். கஞ்சிக்குள் கரண்டி போகிற மாதிரி போனது. ராடு நகர்கிறது, கவை நகரவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எட்டு நாளைக்கு முன் என் கையில் இருந்த கம்பி கண்முன் வந்தது. கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். பம்பரில் கொடி அப்படியே நின்றது. மாநாடு முடிந்தும் யாரும் கழற்றவில்லை. என் ஏழு முறுக்கும் வெயிலில் மினுங்கியது.



உங்களிடம் மறைக்க மாட்டேன். முதலில் நான் பொய்யைத்தான் தேடினேன். பல் உடைந்துவிட்டது என்று சொன்னால் அந்தக் களத்தில் யாருக்குத் தெரியும்? பழைய வண்டி, தேய்ந்த போல்ட், தானாக முறிந்தது என்று சொன்னால் சவரிமுத்துவும் தப்பிப்பார், காவல்காரனும் தப்பிப்பான், என் பெயரும் தப்பிக்கும். எல்லாருக்கும் நல்லது செய்கிற பொய் என்று மனசு எனக்கே அடுக்குமொழியில் எடுத்துக் கொடுத்தது. கேபின் பலகையைக் கழற்றி, மூடியின் போல்ட்டுகளை அவிழ்க்கிற நேரம் முழுக்க அதை ஒத்திகை பார்த்தேன். மூடியைத் தூக்கி ஒரு சாக்கின்மேல் கவிழ்த்து வைத்தேன். நினைத்தது சரிதான். ஒரு கவை ராடில் தொளதொளவென்று தொங்கியது. போல்ட் இல்லை, எண்ணெய்க்குள் விழுந்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் காரியக்காரர் ஆர்.ஐ.யிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். டிரைவர் சதி செய்ததால் வண்டி கிளம்பவில்லை, ராஜி முறிந்தது என்று எழுத வேண்டுமாம். ஆர்.ஐ. பேனாவைத் திறந்தார். அஞ்சலையின் பக்கம் நின்றவர்கள் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். காவல்காரன் காரியக்காரருக்குப் பின்னால் ஒதுங்கினான். சவரிமுத்து மட்டும் அசையவில்லை. மட்கார்டில் கை வைத்து நின்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீ தொறந்து பாத்துட்ட. நீ சொல்லு. நான் செஞ்சேனா?"

பழைய போல்ட் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் சந்தேகத்தோடு இருக்கிறவனுக்குத் தேய்ந்த போல்ட் போதாது. தேய்ந்ததா, தேய்த்ததா என்றுதான் அடுத்துக் கேட்பார்கள். சந்தேகம் ஆளைத் தேடிக்கொண்டு அங்கேயே நிற்கும். ஆள் கிடைத்தால்தான் அது வீட்டுக்குப் போகும். கையில் இருந்த ஆள் நான் ஒருவன்தான்.

"யாரும் செய்யலைங்க," என்றேன். "நான்தான் செஞ்சேன். மாநாட்டுக்குப் போற அவசரத்துல கம்பி கட்டாம மூடிட்டேன். அந்தக் கம்பி அதோ இருக்கு பாருங்க, கொடியில."

களம் முழுவதும் திரும்பிக் கொடியைப் பார்த்தது. காற்றுக்குக் கொடித்துணி படபடத்தது, கம்பு ஓர் இம்மி அசையவில்லை. அப்புறம் அஞ்சலைதான் முதலில் வாய் திறந்தார்.

"நேத்துலேந்து பாக்குறேன், வண்டி முழுக்க ஆடுது, கொடி மட்டும் ஆடலையேன்னு."

அவர் சிரிக்க ஆரம்பித்ததும் சவரிமுத்து சிரித்தார், காவல்காரன் சிரித்தான், ஆர்.ஐ. பேனாவை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவமானத்தில் என்றுதான் நினைத்தேன். யோசித்தால் அது நிம்மதி.

காரியக்காரர் சிரிக்கவில்லை. அவர் எதையும் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்கிற ஜாதியில்லை. டிரைவரைக் காப்பாற்ற மெக்கானிக் பழியை ஏற்கிறான் என்றார். பாருங்கள் என்று கவிழ்த்து வைத்த மூடியைக் காட்டினேன். மற்றக் கவையின் போல்ட்டில் நான் கட்டிய கம்பி இருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். எழுந்து போய்க் கொடிக்கம்பைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி பார்த்தார். ஒரே கம்பி, ஒரே மாதிரி இடக்கை முறுக்கு. நான் இடக்கைக்காரன், என் முறுக்கு எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். முறுக்கை எண்ணினார். இரண்டிலும் ஏழு. "சரிதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் நிழலில் நின்றார். சவரிமுத்து பக்கம் பார்க்கவில்லை.

மணி ஒன்றரை இருக்கும். பெட்டியில் அதே அளவில் இன்னொரு போல்ட் இருந்தது. அதைப் போட்டு முடுக்கினால் அரை மணியில் கிளம்பலாம். சவரிமுத்து உட்பட எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். உள்ளே விழுந்த போல்ட் ஏற்றத்தில் பல்லுக்கு நடுவே சிக்கினால் சக்கரம் உடையும். பாரத்தோடு வண்டி பின்னால் உருண்டால், கீழே நிற்பது இந்தப் பதினாலு குடும்பம். அவசரத்தில் ஒரு தடவை மூடினேன், இன்னொரு தடவை மூட மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அஞ்சலை மட்டும், "பையன் சொல்றது சரி, எடுத்துட்டே மூடட்டும்" என்றார்.

எண்ணெயை வடிக்க வேண்டும். பாத்திரம்? அஞ்சலை வீட்டிலிருந்து நெல் அவிக்கிற அண்டா வந்தது. அதைக் கியர் பாக்ஸுக்கு அடியில் வைத்து அத்தனையும் வடித்தேன். போல்ட் வரவில்லை. மேலேயிருந்து கையை விட்டேன். பல்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில் என் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. சவரிமுத்து முயன்றார், அவர் கை விரலோடு நின்றது. ஒருவர் மாற்றி ஒருவர் கையை விட்டுக் கறுப்பாக்கிக்கொண்டதுதான் மிச்சம். வெயில் சாய ஆரம்பித்தது.

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை கைக் காப்பைக் கழற்றி மடியில் செருகினார். "நவுருங்க" என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபினில் ஏறிவிட்டார். லாரி கேபினில் ஒரு பெண்பிள்ளை ஏறி உட்கார்ந்ததை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருஷம் சேற்றுக்குள் நாற்று நட்ட விரல்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்து பழகியவை.

"ஒரு தடவ நடவுல மூக்குத்தி விழுந்துடுச்சு, எடுத்துட்டேன்" என்றார் தனக்குத்தானே பேசுகிற மாதிரி. அப்புறம், "இதுவா பாரு."

முழங்கை வரை எண்ணெய் சொட்ட, உள்ளங்கையில் என் போல்ட். நான் அவர் காலில் விழாத குறைதான். களத்தில் எழுந்த ஆரவாரத்தைத் தஞ்சாவூர் மாநாட்டில்கூட நான் கேட்கவில்லை.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. வடித்த எண்ணெயைத்தான் திரும்ப ஊற்ற வேண்டும், வேறு எண்ணெய்க்கு எங்கே போவது? களத்துக் காற்றில் பதரும் தூசியும் அண்டாவுக்குள் பறந்து விழுந்து கிடந்தன. வடிகட்ட நல்ல துணி வேண்டும். அங்கே இருந்த அத்தனை துண்டும் காலையிலிருந்து மூட்டை சுமந்தவை, உதறினால் வைக்கோல் தூள் கொட்டும். கொடித்துணி சுத்தமாக இருக்கிறதே என்று ஒருவர் சொல்லப்போய், எல்லாரும் அவரை முறைத்ததில் வாயை மூடிக்கொண்டார். முறைத்தவர்களில் நான்தான் முதல் ஆள். அவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

அப்போது காரியக்காரர் நிழலிலிருந்து நடந்து வந்தார். அந்த ஊரில் அவர் எதிரில் வந்தால் மற்றவர்கள் தோளில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிய காலம் ஒன்று உண்டு. அது போய் ரொம்ப வருஷம் ஆகவில்லை. அவர் தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. நேராகச் சவரிமுத்து முன்னால் போய் நின்று நீட்டினார்.

"இத வச்சு வடிகட்டுப்பா," என்றார்.

சவரிமுத்து உடனே வாங்கவில்லை. துண்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த கறுப்பைத் தன் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தான் சொன்னது தப்பு என்று காரியக்காரர் சொல்லவில்லை, பரவாயில்லை ஐயா என்று சவரிமுத்துவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். நானும் அஞ்சலையும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொள்ள, சவரிமுத்து எண்ணெயை ஊற்றினார். வெள்ளைத் துண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருப்பட்டி நிறம் ஆனது.

போல்ட்டை முடுக்கினேன். கம்பி கொடியில் இருந்ததைத் தவிர வேறு இல்லை. போய் அவிழ்த்தேன். ஏழு முறுக்கையும் என் கையாலேயே பிரித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. போல்ட்டின் துளையில் கோத்து, முறுக்கி, இழுத்துப் பார்த்தேன். மூடுவதற்கு முன் காரியக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன், சவரிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று பேரும் கவிழ்த்து வைத்த அந்த மூடிமேல் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள்.

கொடியை வெறுமனே விடக்கூடாது என்று அஞ்சலை வைக்கோல் பிரி ஒன்று திரித்துக் கம்பைக் கட்டிவிட்டார். சவரிமுத்து மாதா படத்தைத் தொட்டுக்கொண்டு முதல் கியரைப் போட்டார். விழுந்த சத்தம் எனக்குக் கோயில் மணி. வண்டி முக்கி முனகி ஏறியது. ஏற்றத்தின் நடுவில் பிரி அறுந்து கொடி சாய்ந்து கீழே விழுந்தது. அதை எடுக்க ஒருவரும் ஓடவில்லை, எல்லாருக்கும் கண் சக்கரத்திலேயே இருந்தது. வளைவு திரும்பியதும் சவரிமுத்து இரண்டாவது கியர் போட்டார். அது கடகடவென்று பிடித்துக்கொண்டதைக் கேட்டபோது நான் களத்தில் நின்றபடியே கைதட்டினேன். வெயில் இன்னும் ஒரு முழம் மிச்சம் இருந்தது. ஆர்.ஐ. கையெழுத்துப் போட்டார்.

வண்டி கரையில் ஏறியதுதான் தாமதம். இங்கே மரக்கால் கைக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அஞ்சலை எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் முதல் மரக்காலைத் தூக்கிச் சாய்த்து, கணீரென்று "லாபம்" என்றார். இரண்டு மாதச் சண்டைக்குப் பிறகு, அந்தக் களத்தில் காவல் இருந்தவர்கள் பலர் அந்த ஒரு சொல்லுக்கு அழுதார்கள். நான் கொடியைப் பொறுக்கி எடுத்துத் தூசி தட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலாளியிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

பிள்ளைகளே, கம்பி கட்டாமல் மூடக்கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை, அது உங்களுக்கே தெரியும். தப்பு செய்யாமல் யாரும் இந்தத் தொழிலில் கிழவனானதில்லை. உங்கள் தப்பை இன்னொருத்தன் தலையில் வைத்து இரண்டு கூட்டம் அடித்துக்கொள்ளப் பார்க்கும்போது, சீக்கிரம் கையைத் தூக்கிவிடுங்கள். நேரம் போகப் போகக் கை கனக்கும். அந்தக் களத்தில் இன்னும் கால்மணி யோசித்திருந்தால் நான் தூக்கியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

அடுத்த தை அறுப்புக்கு அதே லாரி அதே களத்துக்குப் போனது. மூட்டை ஏற்றுவதற்கு முன்னால் தரங்கம்பாடிப் பையன் வந்து மூடியைத் திறந்து காட்ட வேண்டும் என்று அஞ்சலை சொல்லி அனுப்பியிருந்தார். கேலிக்குத்தான், ஆனாலும் போனேன், பையில் கம்பியோடு. அந்த வருஷம் சண்டை எதுவும் இல்லை. களத்தில் எல்லாருக்கும் மோர் கொடுத்தார்கள். காரியக்காரர் வந்தார். தோளில் புதுத் துண்டு, வெள்ளை வெளேரென்று. கக்கத்தில் வேறு ஏதோ மடித்து வைத்திருந்தார். என்னையும் சவரிமுத்துவையும் பார்த்ததும் அதை எடுத்து லாரி மட்கார்டின்மேல் வைத்தார். கருப்பட்டி நிறத்தில் நன்றாகத் துவைத்து மடித்த பழைய துண்டு.

"எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்," என்றார்.